அச்சுத்தாளுக்கு ஒரு கட்டணம்: இந்திய உள்நாட்டு அஞ்சலில் நூல்களும் இதழ்களும் (1854–2025)

இந்திய அஞ்சல் கட்டண அட்டவணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எடை மட்டுமே கட்டணத்தைத் தீர்மானித்ததில்லை என்பது புலப்படும். ஒரே எடையுள்ள இரண்டு உறைகளில் ஒன்றில் கடிதமும் மற்றொன்றில் அச்சுத்தாளும் இருந்தால் கட்டணம் வேறுபட்டது. ஒருவருக்கென எழுதியது, பலருக்கென அச்சிட்டது என்ற இந்தப் பாகுபாடு விதியான வகையையும் அண்மையில் அது அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏகபோகமும் சலுகையும்

1854 ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் தொலைவைக் கணக்கிலிருந்து நீக்கியது. கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவுக்குள் எங்கு சென்றாலும் அரை அணா என்றாயிற்று. பிரிட்டனிலோ 1848 முதலே நூல்களுக்குத் தனி அஞ்சல் வகை இருந்தது. இவ்வகைப் பாகுபாடு இந்தியாவில் தெளிவான வடிவம் பெற்றிருப்பதை 1898 ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தில் காணலாம். அதன் 4 ஆம் பிரிவு, கடிதங்களைக் கொண்டுசெல்லும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. வருவாயின் அடித்தளம் கடிதமே. ஆகவே, குறைந்த கட்டணத்தில் செல்லும் அச்சுப்பொதிக்குள் கடிதம் நுழைந்துவிடாமல் காப்பது விதிகளின் முதல் வேலையாயிற்று.

புக் போஸ்ட் உறையின் வாயை ஒட்டக் கூடாது என்ற நிபந்தனை இதிலிருந்தே பிறந்தது. கிழிக்காமல் உள்ளே இருப்பதை அஞ்சல் ஊழியர் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்; கடிதத்தன்மை கொண்ட எழுத்து எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பொங்கல் வாழ்த்து அட்டைகளை மடல் ஒட்டாத உறையில் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்பிய தமிழ்நாட்டு வழக்கம் இவ்விதியின் நேரடி விளைவு.

பதிவு பெற்ற செய்தித்தாள்

அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு இதழ்களுக்கு இன்னும் குறைந்த கட்டணத்தைத் திறந்துவிட்டது. இதழில் பெரும்பகுதி செய்திகளோ நடப்பு விவகாரங்கள் பற்றிய கட்டுரைகளோ இருக்க வேண்டும். 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவர வேண்டும். உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். இணைப்பு வெளியிட்டால் அதன் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இதழின் பெயரும் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். விளம்பரத் தாள்கள் இணைப்பு என்ற பெயரில் சலுகையைப் பெறுவதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

சலுகையின் அளவை எண்களே காட்டும். 20 கிராம் கடிதத்துக்கு 5 ரூபாய் வசூலான காலத்திலும், 50 கிராம் வரையுள்ள பதிவு பெற்ற செய்தித்தாளின் ஒரு படி 25 காசில் சென்றது. 100 கிராம் வரை 50 காசு. ஆனால், பருவம் தவறி வெளிவந்த சிற்றிதழ்களுக்கு இந்த வாயில் எளிதில் திறக்கவில்லை. 31 நாள் விதியை நிறைவு செய்யாத காலாண்டிதழ் எவ்வளவு கனமான எழுத்தைத் தாங்கியிருந்தாலும் புக் போஸ்ட் கட்டணத்தையே செலுத்த வேண்டியிருந்தது.

2024-க்குப் பின்

1898 சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்நாட்டுக் கட்டணங்கள் இடம்பெற்றிருந்தன. நிதிச் சட்டங்களின் வழியாக அவற்றைத் திருத்தியதால், கட்டண உயர்வு நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023 ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் அப்பொறுப்பை அஞ்சல் சேவைகளின் தலைமை இயக்குநர் வகுக்கும் ஒழுங்குமுறைகளிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, 5 கிலோ நூல்களை ஏறத்தாழ 80 ரூபாயில் கொண்டுசேர்த்த பதிவு நூல் அஞ்சல் நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்களுக்கு அது பேரிடி.

2025 மே 1 முதல் வந்துள்ள ‘கியான் போஸ்ட்’ 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று கட்டணத்தை வகுத்திருக்கிறது, வரி தனி. தொகையைவிட நிபந்தனையின் மாற்றமே ஆய்வுக்குரியது. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பழைய விதி கேட்டது. நூல் கல்வி, பண்பாடு சார்ந்ததா, வணிக நோக்கமும் விளம்பரமும் அற்றதா என்று புதியது கேட்கிறது. முன்னதை உறையைத் திறந்து பார்த்து முடிவு செய்யலாம். பின்னதற்கு உள்ளடக்கத்தை மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டை அஞ்சலக மேசையில் இருப்பவரின் விருப்பத்துக்கு விடாமல், தெளிவான வரையறையும் மேல்முறையீட்டு வழியும் வகுத்து, கட்டணத்தை மீண்டும் நாடாளுமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவருவதே அச்செழுத்துக்கு அரசு நீண்டகாலம் காட்டிய பரிவைக் காக்கும் வழி.