சாவா மூவாப் பேராடும் பச்சையப்பர் உயிலும்



திருக்கோயிலை வலம் வருகின்ற நாம் கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் வரிவரியாக வெட்டப்பெற்றிருக்கும் எழுத்துக்களைப் பெரும்பாலும் பார்த்தும் பாராமலே சென்றுவிடுகிறோம். அவ்வெழுத்துக்களுள் மிகப் பல விளக்கைப் பற்றியவை. திருமுன்னர் அல்லும் பகலும் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்கு இன்னார் 96 ஆடு கொடுத்தார் என்று அவை கூறும். அவ்வாட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று சிறுவர் கேட்பர். பெரியவர்களும் கேட்கலாம், குற்றமில்லை. ஆடு சாகும், மூப்பும் அடையும். கணக்கில் உள்ள மந்தை மட்டும் சாகாது. கிழடாகிப் போன ஆட்டின் இடத்தை அதன் குட்டி நிரப்ப வேண்டும். மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 96 என்ற எண் குறையலாகாது.

முதல் அழியாமல் நிற்க, அதன் பயன் மட்டும் செலவாக வேண்டும் என்னும் இக்கருத்தைத்தான் இன்றைய சட்டம் அறக்கட்டளை என்னும் சொல்லால் குறிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் இதனை இன்னும் நுணுக்கமாகச் செய்து காட்டுகின்றன. காசாகக் கொடுக்கப்பெற்ற பொருள் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நாம் சொல்வது. ஆடு பெற்ற இடையரின் பெயருடன், அவர் தவறினால் பொறுப்பேற்க வேண்டிய உறவினரின் பெயரும் புணையாக எழுதப்பட்டது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், என்ன செய்யவேண்டும், செய்யாவிடில் யாரைக் கேட்பது என்ற நான்கும் கல்லிலே உள்ளன. முடிவில் 'பன்மாகேசுவர ரட்சை' என்று அந்த அறம் அடியார் திருக்கூட்டத்தின் காவலில் விடப்படும். அரசன் மாறினாலும் அடியார் கூட்டம் மாறாது என்பது அக்காலத்தவர் கண்ட உண்மை.

எழுத்தை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குத் திருமழபாடி சான்று. இராசராசன் ஆணையால் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டியபோது, பழைய கல்வெட்டுக்கள் அனைத்தையும் முதலில் ஏட்டில் படியெடுத்து வைத்து, இராசேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். நம் காலத்திலோ குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயரை ஒளி வெளியே வராதபடி எழுதிவைக்கிறோம். அந்த விளக்கு பழுதானால் யார் மாற்றுவது என்பதை மட்டும் எங்கும் எழுதுவதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும. மேற்கூறிய கொடைகள் கொடுத்தவர் உயிரோடிருந்து, தம் கண்முன்னே கைம்மாற்றிக் கொடுத்தவை. தாம் மறைந்தபின் தம் பொருள் இன்ன இன்ன வழியில் செல்க என்று ஒருவர் எழுதிவைக்கும் உயில் வேறு. வடமொழித் தருமநூல்களில் உயிலுக்கு நேரான சொல்லே இல்லை என்று சட்டநூலார் கூறுவர். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் அவர் பங்கு எஞ்சியவர்களைச் சேரும்; எழுதிவைப்பதற்கு இடமே இல்லை. அப்படியிருக்க, உயில் என்பது நம் நாட்டில் வேரூன்றியது எவ்வாறு என்று வினவினால், சென்னையில் எவரும் அறிந்த ஒரு சைவப் பெருவள்ளலின் வரலாற்றிற்குத்தான் செல்ல வேண்டும். அவரே பச்சையப்ப முதலியார்.

அவர் 1754-ஆம் ஆண்டு, தந்தையார் விசுவநாத முதலியார் மறைந்தபின் பிறந்தவர். ஆதரவற்ற தாயார் பூச்சியம்மையார் பிள்ளைகளுடன் பெரியபாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்த பச்சையப்பர், நாராயண பிள்ளை என்னும் செல்வாக்குடைய துபாஷியின் ஆதரவில் வாணிகமும் கணக்கும் பயின்று, தாமும் துபாஷியானார். கும்பினி அதிகாரிகளுக்கும் உள்நாட்டாருக்கும் இடையே மொழியாலும் பணத்தாலும் பாலமாக நிற்பது துபாஷியின் தொழில். தஞ்சை அரசர் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய தொகைகளுக்கு இடைநின்று பொறுப்பேற்ற அளவுக்கு அவர் உயர்ந்தார். தில்லைக் கூத்தப்பிரானிடம் அவருக்கிருந்த ஈடுபாடு பெரிது. சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவர் பங்கு கொண்டார். அக்கோபுரத்தில் அவர் உருவச்சிலையை இன்றும் காணலாம்.

நாற்பது வயதிலேயே நோய் அவரைப் பற்றியது. 1794-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் கும்பகோணத்தில் அவர் உயில் எழுதினார். ஆங்கிலேயர் முறையில் உயில் எழுதிய முதல் இந்துக்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிடுவது வழக்கம். எழுதிய ஒன்பதாம் நாள், மார்ச்சு 31-இல், திருவையாற்றில் சிவபதம் எய்தினார். காசி முதல் குமரி வரையுள்ள திருத்தலங்களில் வழிபாட்டுக்கும் தருமத்துக்கும் அவர் ஒதுக்கியது ஓர் இலட்சம் வராகன் என்பர். அக்கால நட்சத்திர வராகன் ஒன்று ஏறத்தாழ மூன்றரை ரூபாய். ஆகவே அது மூன்றரை இலட்சம் ரூபாய். அந்தப் பொருள் பிதிரார்ஜிதமன்று. பிறக்குமுன்னே தந்தையை இழந்தவர் தம் முயற்சியால் ஈட்டிய சுயார்ஜிதம். அவ்வுயிலுக்கு வலிமை கொடுத்த காரணங்களுள் இதுவும் ஒன்று எனக் கொள்வது பொருந்தும்.

அதன்பின் நிகழ்ந்தது நாம் நின்று சிந்திக்க வேண்டிய பகுதி. இவ்வளவு பெரிய அறம் உடனே தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா? தொடங்கவில்லை. வள்ளலுக்கு மனைவியர் இருவர், ஆண்மகவு இல்லை. உறவினரிடையே பூசல் எழுந்தது. பொருளை வைத்திருந்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இடையே வழக்குகள் மூண்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், விளக்குக்கென ஒதுக்கிய பொருள் விளக்கைச் சென்று சேராமலே கிடந்தது. ஒன்பது நாளில் மறையப்போகும் ஒருவர் நோய்ப்படுக்கையில் எழுதும் ஆவணத்தில், பின்வரும் ஐயங்களை எல்லாம் முன்னறிந்து தீர்த்துவைக்க இயலுமா? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நலமாயிருந்த காலத்தில், நிறைவேற்றுவோர் யார், அவர் தவறினால் அடுத்தவர் யார், கணக்கைப் பார்ப்பவர் யார் என்று தீர எழுதியிருந்தால், அந்நாற்பது ஆண்டுகள் வீணாகியிரா என்றே தோன்றுகிறது. இடையருக்குப் புணை எழுதிய தஞ்சைக் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த அறத்தை மீட்டதும் அதே எழுத்துத்தான். சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் அவ்வுயிலைக் கையிலெடுத்து வாதாடினர். 1830-களில் பொருள் மீட்கப்பெற்று, இந்துப் பெருமக்கள் அடங்கிய அறங்காவலர் குழுவின் பொறுப்பில் வந்தது. இதற்குள் வட்டி பெருகி, கோயில் தருமங்களுக்கு வேண்டியதைவிட மிகுதியான தொகை சேர்ந்திருந்தது. கொடுத்தவர் குறித்த செயல் நிறைவேறியபின் எஞ்சும் பொருளை, அவர் கருத்துக்கு அணித்தான மற்றோர் அறத்துக்குச் செலவிடலாம் என்பது ஆங்கிலேய நீதிமன்றங்கள் கண்ட நெறி. அந்நெறிப்படி எஞ்சியது கல்விக்குச் சென்றது. 1842-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பிராட்வேயில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. 1850-இல் கிரேக்கக் கோயில் ஒன்றின் அமைப்பில் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1889-இல் அது முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940-இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கணிதமேதை இராமானுசன் சிறிது காலம் பயின்றதும், அறிஞர் அண்ணாதுரை பயின்றதும் அங்கேதான்.

நாட்டின் சட்டம் இவ்வழக்குகளோடு தானும் வளர்ந்தது. 1829-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்தில் இந்து ஒருவர் எழுதும் உயில் இந்து தருமத்துக்கு ஒத்த அளவிலேயே செல்லும் என்று கட்டுப்படுத்தியது. 1856-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இந்துக்களுக்கு உயில் எழுதும் உரிமை உண்டு என்று சென்னை வழக்கொன்றில் ஒப்புக்கொண்டது. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை நகரில் எழுத்தையும் இரு சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. நாட்டுப்புறங்களில் வாய்ச்சொல்லாலும் உயில் செய்யலாம் என்ற நிலை நெடுநாள் நீடித்து, 1927 சனவரி முதல் நாளோடு முடிந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இரண்டு பெரிய கதவுகளைத் திறந்தது. கூட்டுக் குடும்பத்தில் தமக்குள்ள பங்கையும் ஒருவர் உயிலால் கொடுக்கலாம் என்பது ஒன்று. அதுவரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே பெற்றிருந்த கைம்பெண்கள் தம் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆனது மற்றொன்று. கணவர் விட்டுச்சென்ற நிலத்தில் ஒரு பகுதியைத் திருவிளக்குக்கு எழுதிவைக்க விரும்பிய எத்தனையோ அம்மையார்கள், அதற்கு முன்பு அவருக்குப் பின்வரும் வாரிசுகளின் வழக்குக்கு அஞ்சியிருக்க வேண்டியதாயிற்று.

திருவிழாக் காலங்களில் அன்பர்கள் சிலர் என்னை அணுகி, "ஐயா, என் காலத்துக்குப் பின் சுவாமிக்கு ஏதேனும் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்" என்பார்கள். சொல்லியிருப்பது போதாது என்றே நான் விடை கூறுவது வழக்கம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. அந்த அச்சத்துக்கு எந்தச் சாத்திரத்திலும் நான் ஆதாரம் கண்டதில்லை. உயில் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதனை எத்தனை முறையும் மாற்றலாம். இறுதியாக எழுதியதே செல்லும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். அதனைக் கண்ட இருவரேனும், அல்லது 'இது என் கையொப்பம்' என்று அவர் ஒப்பக் கேட்ட இருவரேனும், அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். தம்மைவிட மூத்தவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பின்னர்ச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாமற் போன குடும்பங்கள் உண்டு. இளையவர்களைத் தேடிக்கொள்க.

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவென்று எண்ணுவோர்க்கு அந்நாற்பது ஆண்டுக் கதையையே விடையாகக் கூறுவேன். குறிப்பாக, கோயிற் கட்டளை அமைப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தார் நலனுக்காக அமைக்கும் தனியார் அறக்கட்டளைகளுக்கு 1882-ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். பொதுத் திருக்கோயிலுக்கு விடும் கட்டளைக்கு அது பொருந்தாது. அது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் எல்லைக்குள் வருவது. 'சுவாமிக்கு' என்று மட்டும் எழுதினால் எந்தக் கோயில், எந்தச் சன்னதி, எந்த நாள், எந்தக் காலம் என்ற வினாக்கள் எழும். நிலத்தின் வருவாய் குறைந்தால் முதலில் நிறுத்தவேண்டியது எது, மிகுந்தால் சேர்க்கவேண்டியது எது என்பதையும் எழுதிவிடுவது நன்று. இன்னொன்றும் உண்டு, இது என் கருத்து. மனைவி மக்களைத் தவிக்கவிட்டு இறைவனுக்கு எழுதுவதை நான் அறமாகக் கருதேன். அவர்களுக்குரியதைத் தெளிவாக எழுதியபின் எஞ்சியதை எழுதினால், கோயிலுக்கும் வழக்கு இல்லை.

எழுதிய உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை, செய்துவைப்பது பாதுகாப்பு. உள்ளே இருப்பதை எவரும் இப்போது அறிய வேண்டாம் என்று நினைப்பவர், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். வேண்டியபோது திரும்பப் பெறலாம். எழுதியவர் மறைந்தபின் எவரேனும் விண்ணப்பித்தால், பதிவாளர் அவ்வுறையைத் திறந்து, உள்ளிருப்பதை முழுவதும் தம் பதிவேட்டில் படியெழுதி, மூலத்தை மீண்டும் பத்திரப்படுத்தி வைப்பார்.