மேற்குச் சுவருக்கு வயது என்ன?

பருவமழை ஓய்ந்துவிட்டது. மேற்கு மதில் சுவரில் காரை பெயர்ந்த இடங்களை வரும் ஞாயிறு நாமே பூசிவிடலாம் என்று போன கூட்டத்தில் முடிவானது. நானும் கை தூக்கினேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இதே சுவரை இதற்கு முன் இரண்டு முறை பூசியிருக்கிறோம். இரண்டாம் முறை கலவை போட்டவன் நான்தான். கெட்டியாக நிற்கட்டும் என்று சிமெண்டைத் தாராளமாகவே போட்டேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பலகை பலகையாக விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் செங்கல்லின் மேல்தோலும் உரிந்து வந்திருந்தது.

நம் கட்டடமும் மற்ற மூன்று பக்க மதிலும் 1993இல் எழுந்தவை. மேற்குச் சுவர் மட்டும் முன்பு இங்கே இருந்த பழைய பங்களாவினுடையது. செங்கல் தட்டையாக இருக்கும். இடையில் உள்ள சாந்தைச் சாவியால் கீறினால் மாவாக உதிரும், நடுநடுவே வெள்ளைக் கட்டிகள் தெரியும். அது சுண்ணாம்பு.

அந்தக் காலத்துச் சென்னையில் வீடு கட்டியவர்கள் கடற்கரையிலும் உப்பங்கழியிலும் கிடைத்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டார்கள். தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் இதை 'மெட்ராஸ் சுனாம்' என்று சொல்லி, பளிங்கோ என்று வியந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

சிமெண்ட் பிற்பாடு வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் அதைச் செய்து பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று நம் ஊரில், 1904இல். மூலப்பொருள் அதே கிளிஞ்சல்தான்! அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தர் ஆலை வந்தது. நம் மாநிலத்தில் தாழையூத்து ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது.

ஆலை வந்தும் கைக்கு வரவில்லை. உலகப்போர்க் காலத்தில் வந்த அரசுக் கட்டுப்பாடு பின்னும் நீடித்தது. நான் வங்கியில் சேர்ந்த புதிதில், "சார், லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, பர்மிட்தான் கிடைக்கல" என்று கவுண்டரில் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1982 பிப்ரவரியில் பாதி தளர்ந்து, 1989 மார்ச்சில் கட்டுப்பாடு முழுவதும் போனது. அதன்பின் கடைக்குக் கடை மூட்டை. சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியதாயிற்று. எதற்கும் சிமெண்ட் என்ற பழக்கம் நமக்கு வந்தது இப்படித்தான்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சின் வழியே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் வழி அடைபடும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளே தங்கிப் படிகமாகி, மெத்தென்ற பழைய செங்கல்லைத் தின்னும். பூச்சு மட்டும் கல் மாதிரி இருக்கும், பிடித்துக்கொள்ளத்தான் பின்னால் ஒன்றும் இருக்காது.

ஆகவே மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்பே போடுவோம். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கடியில் மூடி வைத்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். மணலில் கொஞ்சத்தைக் குறைத்து அதற்குப் பதில் செங்கல் பொடி, ஈரத்திலும் இறுகுவதற்காக. விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை எல்லாம் தயங்காமல் கொத்திவிட வேண்டும். என் பழைய சிமெண்டையும் சேர்த்துத்தான். சனிக்கிழமை மாலையே செங்கல்லை நனைத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் அப்பக் கூடாது. அது இறுகிய பிறகே அடுத்தது. ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கட்டும். முடிவில் வெள்ளையடிப்பு மட்டும், பெயிண்ட் வேண்டாம், அதுவும் ஈரத்தை அடைக்கும்.

மற்ற மூன்று சுவர்களின் விரிசலுக்குச் சிமெண்ட்தான், ஒன்றுக்கு ஆறு மணல் போதும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம், தள்ளி நின்று. காலை ஆறரைக்குத் தொடங்கினால் அந்தப் பக்கம் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். காபி எங்கள் வீட்டில்.