ஹாட் ராடின் மூச்சுத் துளை – ஒரு சின்ன ஓட்டையின் வரலாறு

போன மே மாதம் சித்தப்பாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வரை போனேன். பத்து கிலோமீட்டர் போனதும் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, பிளக் சரியாக இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. மறுபடி பத்து கிலோமீட்டர், மறுபடி நின்றது. கடைசியில் ரோட்டோரம் இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியில் இருந்த சின்னத் துளையை அடைத்திருந்த மண்ணை ஒரு ஊக்கால் குத்தி எடுத்தார். "பெட்ரோல் இருக்கு தம்பி, மூச்சுதான் இல்லை" என்றார். காசு கேட்கவில்லை, ஒரு டீயோடு முடிந்தது.

அந்த ஓட்டையைப் பற்றித் தேடப்போய்தான் அமெரிக்க ஹாட் ராட் உலகத்தில் போய் விழுந்தேன். பழைய காரை, பெரும்பாலும் 1930-களின் ஃபோர்டை, பிரித்துப்போட்டு பெரிய இஞ்சின் வைத்து, தன் இஷ்டப்படி மறுபடி கட்டினால் அதற்குப் பெயர் ஹாட் ராட். இஞ்சினையும் பெயிண்டையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த வண்டியின் டேங்கில் இருக்கும் மூச்சுத் துளையின் கதைதான் பிடித்தது.

(எச்சரிக்கை: எழுதுவது ஒரு பி.காம் மாணவன். மெக்கானிக்கல் நண்பர்கள் தப்பு கண்டால் திட்டாமல் திருத்தவும் :-) )

டேங்க் ஏன் மூச்சு விடவேண்டும்?

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் 'களக் களக்' என்று தயங்கித் தயங்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். வெளியே போன எண்ணெயின் இடத்துக்குக் காற்று வந்தாகவேண்டும், அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் டேங்கும் இப்படித்தான். காற்று உள்ளே வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, இஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெட்ரோல் சூட்டில் நன்றாக விரியும். 50 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1 லிட்டர் கூடும். ஆவியும் பெருகும். வெளியே போக வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறும். ஆக, உள்ளே காற்று வர, வெளியே ஆவி போக, இரண்டுக்கும் அந்த ஒரே துளைதான்.

மூடியில் ஒரு துளை, அதோடு சரி

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் போடவேண்டும் என்றால் ஓட்டுநர் இறங்கி, சீட்டைத் தூக்கவேண்டும். அங்கிருந்து புவியீர்ப்பால் கார்புரேட்டருக்கு இறங்கும். செங்குத்தான மேட்டில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இறங்காது. அதனால் மக்கள் காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மலை ஏறினார்கள்! டேங்க் மூச்சு விட மூடியில் ஒரு துளை இருந்தது. ஆவி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. 1927 வரை இப்படி 1.5 கோடி கார்கள் வந்தன.

அடுத்து வந்த மாடல் ஏ-வில் டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், கிட்டத்தட்டப் பயணிகளின் முழங்காலுக்கு நேராக இருந்தது. 1932-இல்தான் ஃபோர்டின் டேங்க் காரின் பின்பக்கம் போனது. அதே ஆண்டு 65 குதிரைத்திறன் வி-8 இஞ்சினும் வந்தது. மலிவான விலையில் வி-8. ஹாட் ராட் உலகமே இன்றுவரை கும்பிடும் கார் இந்த 1932 ஃபோர்டுதான்.

காய்ந்த ஏரியில் ஒரு திருவிழா

தெற்குக் கலிஃபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் என்று தண்ணீரே இல்லாத ஏரிகள் உண்டு. தரை மேசை போல இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் தங்கள் வண்டிகளை அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் உருவானது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் ராணுவத்தில் கற்ற மெக்கானிக் வேலையோடு இதில் இறங்கினார்கள். 1946-இல் பில் பர்க் என்பவர் பி-51 போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கும் உபரிப் பெட்ரோல் டேங்கை வாங்கி, அதையே காரின் உடம்பாக்கினார். பெட்ரோல் இருந்த இடத்தில் மனிதன் உட்கார்ந்து ஓட்டினான்!

ரேஸ்காரர்கள் மூச்சுத் துளையையும் விட்டுவைக்கவில்லை. பழைய இண்டியானாபோலிஸ் கார்களில் பக்கத்தில் உட்கார்ந்த மெக்கானிக் கையால் பம்ப் அடித்து டேங்குக்குள் காற்றழுத்தம் ஏற்றுவார். துளைக்கு அங்கே வேலையில்லை, அழுத்தமே பெட்ரோலைத் தள்ளும். 1950-களில் டீன் மூன் பெயரில் பிரபலமான உருண்டை அலுமினிய டேங்குகள் காரின் முன்பக்கம் அமர்ந்தன. அவற்றையும் கைப்பம்ப்போடு இப்படிப் பயன்படுத்தினார்கள். வேகத்துக்கு நல்லது. ஆனால் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால், சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

ஊருக்கே மூச்சு முட்டியது

கதையின் திருப்பம் இங்கேதான். ஹாட் ராட் பிறந்த அதே லாஸ் ஏஞ்சலஸில், 1943 ஜூலை மாதம் ஒருநாள் ஊரைக் கண்ணெரிச்சல் தரும் புகை மூடியது. போர்க்காலம் வேறு, ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டதோ என்று சிலர் பயந்தார்கள். எதிரி யாருமில்லை. ஆனால் புகை திரும்பத் திரும்ப வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதுவரை அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்! 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டியது இது: பெட்ரோலின் ஹைட்ரோகார்பன் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகிறது. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி மலை, மேலே மூடி போல சூடான காற்றடுக்கு. ஊரே மூச்சுத் துளை இல்லாத டேங்க் ஆகிவிட்டது.

அந்த ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு சைலன்சரிலிருந்துதான். ஆனால் கட்டுப்பாடு இல்லாத பழைய காரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஆவி, அதாவது டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் கிளம்பியது. நிறுத்தி வைத்த கார்கூட ஊரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்காத மூடித் துளை திடீரென்று குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

கரி டப்பா

கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல் கார்களுக்கும் ஆவிக் கட்டுப்பாடு வந்தது. துளையை அடைக்க முடியாது, அடைத்தால் சித்தப்பா பைக் கதிதான். அதனால் துளையிலிருந்து ஒரு குழாய் எடுத்து, ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய டப்பாவில் விட்டார்கள். நம் வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கிறதே, அந்த வகைக் கரி. நிற்கும்போது கரி ஆவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இஞ்சின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். வீணாகப் போன பெட்ரோல் வேலைக்கு ஆகிறது. நம் ஊரிலும் 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 வந்தபின் வாங்கிய பெட்ரோல் பைக்கில் இந்தக் கரி டப்பா இருக்கும்.

இன்று ஹாட் ராட் கட்டுபவர் என்ன செய்யவேண்டும்?

கம்பெனி காரில் இதையெல்லாம் இஞ்சினியர்கள் யோசித்திருப்பார்கள். சொந்தமாகக் கட்டும் வண்டியில் கட்டுபவர்தான் யோசிக்கவேண்டும். அழகுக்காக டேங்கை டிக்கிக்குள் கொண்டுவந்தால் துளையுள்ள மூடி ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். டிக்கியின் அடியிலும் கராஜின் தரையிலும் தேங்கும், ஒரு சின்னத் தீப்பொறி போதும். எனவே டேங்கின் உச்சியிலிருந்து குழாய் எடுத்து, பெட்ரோல் ஊற்றும் வாயைவிட உயரமாக ஒரு வளைவு கொடுத்து, பிறகு உடம்புக்கு வெளியே, சைலன்சரிலிருந்து தள்ளி இறக்கவேண்டும். கார் கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றும் நடுவில் வேண்டும். கரி டப்பா வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் அந்தக் கடைசி வரியைச் சட்டம் எல்லோரிடமும் கேட்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 2001-இல் நிறைவேறிய எஸ்.பி.100 என்ற சட்டம், சொந்தமாகக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு முதல் 500-க்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தது. வண்டியின் உருவம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டின் விதிப்படி சோதித்தால் போதும். அதாவது நேற்று புதிதாக வார்த்த ஃபைபர் உடம்பும் 1932 போல இருந்தால் 1932-தான். அந்த ஆண்டில் ஏது புகை விதி?

500 வண்டிகளால் ஊர் கெடாது, பாரம்பரியம் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பழைய வண்டிகளை நானும் ரசிப்பவன்தான்.

ஆனால் எகனாமிக்ஸ் பேப்பரில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று மனப்பாடம் செய்தோமே நண்பர்களே, அது எனக்கு உண்மையில் புரிந்தது இந்த ஓட்டையில்தான். மாடல் டி-யின் விலையில் அந்த ஆவியின் செலவு சேரவில்லை. அதை லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் கண்ணாலும் நுரையீரலாலும் கட்டினார்கள். ஹென்றி ஃபோர்டின் எந்தப் பேரேட்டிலும் அது பற்று எழுதப்படவில்லை. கரி டப்பா அந்தச் செலவை வண்டிக்காரனின் கணக்குக்கே திருப்பி அனுப்பியது.

சட்டம் கேட்காத இடத்தில், ஒரு அடி குழாயும் ஒரு கரி டப்பாவும் வைப்பதா வேண்டாமா என்பது கட்டுபவரின் கையில். வெளியே தெரியாது, வேகம் கூடாது, யாரும் பாராட்டமாட்டார்கள். நீங்கள் கட்டுவதாக இருந்தால் வைப்பீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

சித்தப்பா பைக் இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் அது பழைய வண்டி, கரி டப்பா கிடையாது. வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது வரும் பெட்ரோல் வாசனை முன்பெல்லாம் எனக்குப் பிடிக்கும். இப்போது நிழல் தேடி நிறுத்துகிறேன்.