ஐந்து நகரங்களின் ஒரே பேரேடு

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு, ஊருக்குப் போவது என்பதன் முதற்படி ரயிலில் இடம் பெறுவதேயாகும். பொங்கல் திருநாளாயினும், உடன்பிறந்தாளின் திருமணமாயினும், வீட்டுப் பெரியவர் நோயுற்றார் என்ற செய்தியாயினும், நம் கை முதலில் நாடுவது பயணச்சீட்டைத்தான். புது டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம் உள்ளது. இத்தொலைவை உட்கார்ந்தே கடப்பது எளிதன்று. படுக்கை இடத்தை முன்னதாகப் பதிவு செய்து கொள்வது ஆகவே நமக்கு ஆடம்பரமன்று, இன்றியமையாத தேவை. அவ்விடத்தை நாட்டின் எம்மூலையிலிருந்தும் பெறலாம் என்னும் நிலை எவ்வாறு உண்டாயிற்று, அதனைக் கட்டிக்காக்கும் முறை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறி வருவதற்கு முன்னிருந்த முறையை நம்முள் மூத்தோர் நன்கு அறிவர். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியே பதிவேடு இருந்தது. ஒரு பதிவேட்டை ஒரே வேளையில் ஒரு குமாஸ்தாதான் கையாள இயலும். ஆதலால் வண்டிக்கு ஏற்பச் சாளரங்களும் பிரிந்திருந்தன. ஒரு சாளரத்தின் முன்னே வரிசை வாயில் வரை நீண்டிருக்கும். அடுத்த சாளரமோ ஆளின்றி இருக்கும். கேட்ட வண்டியில் இடமில்லை என்றால், வேறு வண்டியின் சாளரத்திற்குச் சென்று வரிசையின் கடைசியில் மீண்டும் நிற்க வேண்டும்.

திரும்பி வரும் பயணம் இதனினும் பெரிய சிக்கல். சென்னையிலிருந்து புறப்படும் வண்டியின் பதிவேடு சென்னையில் இருந்தது. டில்லியில் இருப்பவர் அதில் இடம் வேண்டினால் தந்தி அனுப்பப்படும். விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். விடை வாராமலே புறப்பட்டு, ஊரில் இறங்கியதும் திரும்புவதற்கு இடம் தேடி அலைந்தோர் பலர். ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் விடுமுறையில் ஒரு நாள் இவ்வாறே கழிந்தது. குமாஸ்தாக்களின் உழைப்பில் குறையில்லை. ஓரிடத்தில் உள்ள ஏட்டைப் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் காண இயலாமையே குறை.

ரயில்வேத் துறை கணிப்பொறியை அதுவரை அறியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1960-களின் பிற்பகுதியிலேயே ஐ.பி.எம். 1401 என்னும் பொறிகள் பல ரயில்வே மண்டலங்களில் நிறுவப்பட்டன. அவை சம்பளப் பட்டியலையும் சரக்குக் கணக்கையும் போட்டன. துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் செலுத்தினால், பொறி தன் வேலையை முடித்து, அச்சிட்ட தாள்களாக விடையைத் தரும். மாத இறுதிக் கணக்கிற்கு அது போதும். சாளரத்தின் முன் நிற்பவருக்கு அக்கணமே விடை கூற அது போதாது.

இந்நிலையில் 1975-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதன் பெயர் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்பது. பொறிகளைப் பேணுவதே அதன் தொழில் என்பதைப் பெயரே உணர்த்தும். 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளைப் பழுது பார்த்துக் காக்கும் பொறுப்பு இந்நிறுவனத்திடம் வந்தது. பிறர் செய்த பொறிகளைப் பழுது பார்த்துப் பழகியவர்கள், பின்னர் தாமே பெரும் அமைப்புகளை உருவாக்கும் திறம் பெற்றனர். சி.எம்.சி. என்று பெயர் சுருங்கிய அந்நிறுவனமே ரயில்வேக்காக ‘இம்ப்ரெஸ்’ என்னும் முன்பதிவு மென்பொருளை இயற்றியது. 1985-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டில்லியில் அது முதன்முதலாகச் செயற்படத் தொடங்கிற்று. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்னும் புதுமையை டில்லிவாசிகள் அப்போதுதான் கண்டனர். ரயில்வேயின் கணிப்பொறிப் பணிகளுக்கென்றே கிரிஸ் என்னும் தனி அமைப்பு 1986-இல் தோன்றியது. 1980-கள் முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களும் இம்முறையை மேற்கொண்டன.

எனினும் சிக்கல் பாதிதான் தீர்ந்தது. ஐந்து நகரங்களிலும் பொறிகள் இருந்தன. ஆனால் அவை ஐந்து தீவுகளாக இருந்தன. டில்லிப் பொறி டில்லியின் கணக்கை அறியும். சென்னையின் கணக்கை அறியாது. ஊரிலிருந்து திரும்பும் பயணம் நமக்குப் பழையபடியே கவலையாக இருந்தது. இதனைத் தீர்க்கும் பொருட்டுக் கிரிஸ் அமைப்பினர் ‘கன்ஸர்ட்’ என்னும் புதிய மென்பொருளை உருவாக்கினர்.

அதனைப் புகுத்திய முறை நாம் கருதத்தக்கது. நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் நம்பியிருக்கும் ஓர் அமைப்பை ஒரே நாளில் எங்கும் மாற்றிவிட அவர்கள் துணியவில்லை. 1994-இல் செகந்திராபாத்தில் மட்டும் அது முதலில் நிறுவப்பட்டது. மற்ற நகரங்களில் பழைய முறை அதுவரை நடந்து வந்தது. பின்னரே மற்ற மையங்கள் ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு வந்தன. 1999-இல் ஐந்து மையங்களும் ஒரே வலைப்பின்னலாக இணைந்தன. டில்லியில் நின்றுகொண்டே சென்னையிலிருந்து திரும்பும் சீட்டையும் கையோடு பெறும் வசதி அப்போதுதான் முழுமையாகக் கைகூடியது.

இதன் செயல்முறை எளிதில் விளங்குவதே. ஒவ்வொரு வண்டியின் கணக்கும் ஏதேனும் ஒரு மையத்தின் பொறியில் மட்டுமே இருக்கும். இவ்வாறு பலருக்கும் பணி செய்து கொடுக்கும் பொறியைச் சர்வர் என்பர். டில்லிச் சாளரத்தில் கேட்கும் கேள்வி, வண்டியின் கணக்கு சென்னையில் இருப்பின் சென்னைக்கே செல்லும். கடைசியாக ஓரிடம் மட்டும் எஞ்சியிருக்கையில் டில்லியில் ஒருவரும் கல்கத்தாவில் ஒருவரும் ஒரே நொடியில் அதனைக் கேட்டால் என்ன ஆகும்? முன்னே வந்த கேள்விக்கு விடை கூறி முடிக்கும்வரை சர்வர் அவ்விடத்தைப் பூட்டி வைக்கும். மற்றவர் காத்திருப்போர் பட்டியலில் சேருவார். இடையே கம்பி அறுந்தால், பாதி நடந்த வேலை முழுவதும் இல்லையென்று ஆக்கப்படும். பணம் கொடுத்தவருக்கு இடமில்லை என்பதும், ஓரிடம் இருவருக்கு என்பதும் நேராதிருப்பதற்கு இந்த ஒழுங்கே அடிப்படை.

இவ்வொழுங்கைக் காப்போர் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கட்டணம் மாறும், கால அட்டவணை மாறும், புதிய வண்டி விடப்படும், சலுகை விதி திருத்தப்படும். ஒவ்வொரு மாற்றமும் எல்லா மையங்களிலும் பிழையின்றி ஏற வேண்டும். ஒரு மையத்தில் பழைய விதியும் மற்றொன்றில் புதிய விதியும் இருக்குமாயின், ஒரே பயணத்திற்கு இரு கட்டணங்கள் விதிக்கப்படும். இணையவழி முன்பதிவு இரவு 11.45 மணி முதல் 12.20 மணி வரை நிறுத்தி வைக்கப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நாட்கணக்கை முடித்து மறுநாளைத் திறக்கும் வேளை அது. நாம் உறங்கும்போது ஐந்து நகரங்களிலும் சிலர் விழித்திருக்கின்றனர்.

2002 ஆகஸ்டில் இணையத்தின் வழியே சீட்டு வாங்கும் முறை தொடங்கியது. முதலில் சீட்டு கூரியரில் வீடு வந்தது. 2005 முதல் நாமே அச்சிட்டுக் கொள்ளலாயிற்று. நிமிடத்திற்கு 2,000 சீட்டுகளாக இருந்த இணையத்தின் திறனை 7,200 ஆக உயர்த்தும் புதிய அமைப்பு 2014-இல் வந்தது.

வசதி பெருகிய அளவுக்குத் தீமையும் நுழைந்தது என்பதை மறைத்தற்கில்லை. 1997-இல் தொடங்கிய தத்கால் திட்டம் அவசரப் பயணிகளுக்காக ஏற்பட்டது. தானே படிவத்தை நிரப்பும் கள்ள மென்பொருள்களைக் கொண்டு தரகர்கள் அவ்விடங்களைக் கவர்ந்தனர். தந்தையின் உடல்நிலை கேட்டுப் பதறிப் பெயரைத் தட்டச்சு செய்யும் ஒருவரின் விரல்கள் அந்த வேகத்திற்கு ஈடாகுமா? 2025 ஜூலை முதல் இணையவழித் தத்காலுக்கு ஆதார் அடையாளம் கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கம் இத்தீமையைத் தடுப்பதே.

பதிவேட்டுக் காலத்தில் நாம் அஞ்சியது குமாஸ்தாவின் தயவை. இன்று அஞ்சுவது தரகனின் பொறியை. இரண்டிலும் நாம் வேண்டுவது ஒன்றே: முன்வந்தவருக்கு முதலிடம் என்னும் நீதி. பொறி தானாக நீதி செய்வதில்லை. அதில் ஏற்றப்படும் விதியும், அவ்விதியை ஒவ்வொரு சாளரத்திலும் ஒன்றாகவே காத்து நிற்கும் பணியாளரின் விழிப்புமே நீதி செய்கின்றன. அடுத்த முறை ஊருக்குச் செல்லும் சீட்டு உறுதியாயிற்று என்ற செய்தியைக் காணும்போது, அப்பணியாளரை நாம் ஒரு கணம் நினைத்துக் கொள்வது தகும்.