சல்லடை, கூரை, கிரகணம்

கிரகண வரலாறு என்றாலே அது அண்ணாந்து பார்த்தவர்களின் கதையாகத்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தொலைநோக்கி, கொரோனா, 1868இல் நிறமாலைக் கருவியோடு குண்டூருக்கு வந்த ழான்சென். தரையைப் பார்த்தவர்களுக்கு அதில் இடமில்லை. இத்தனைக்கும் கிரகண ஒளி பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று தரையைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'பிரச்சினைகள்' தொகுப்பில் (அவர் பள்ளியைச் சேர்ந்தவர்கள் சேர்த்தது என்பார்கள்) அது வருகிறது. சூரிய கிரகணத்தின்போது சல்லடை வழியாகவோ, அகன்ற இலை மரத்தினூடாகவோ, குறுக்கே கோத்த விரல் இடுக்கிலோ விழும் வெயில் பிறைபிறையாய்த் தெரிவது ஏன்? கேட்டவர் ஏட்டில் ஏறினார். முதலில் பார்த்தது சல்லடையைக் கையில் வைத்திருந்த பெண்ணோ அடிமையோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஊகம்தான்.

விடை வர நெடுங்காலம் பிடித்தது. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைத்தம் இதற்கென்றே தனி நூல் எழுதினார்: துவாரம் மிகச் சிறிதானால்தான் பிறை தெரியும். 1544இல் லூவெய்னில் ஜெம்மா ஃபிரிசியஸ் இருட்டறைச் சுவரில் தலைகீழாய் விழுந்த கிரகணத்தைக் கண்டார். அதை வரைந்து அடுத்த ஆண்டே அச்சிட்டார். 1600இல் கிராஸ் நகரில் கெப்ளர் துளை வழியே ஒரு கிரகணத்தை அளந்தார். அதில் எழுந்த சிக்கல்தான் அவரை 1604இல் வந்த ஒளியியல் நூலுக்குக் கொண்டுபோயிற்று.

விஷயம் இவ்வளவுதான்: சிறு துவாரம் சதுரமோ கோணலோ, அது கீழே போடுவது சூரியனின் தலைகீழ்ப் படம். பத்தடி தூரத்தில் அதன் விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலம். கூரை இடுக்கு வழியே அன்றாடம் வீட்டுக்குள் காசு காசாய் விழுவது சூரியன்தான். கிரகணத்தன்று அந்தக் காசு தேய்கிறது.

இனி நம்மூர். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்ற பயமே பூட்டு. சாஸ்திரம் பெண்ணுடம்பின்மேல் செலுத்தும் அதிகாரம் இது. ஆனால் எந்த வீட்டுக்குள் அடைத்தார்கள்? ஓட்டு வீடு, கீற்றுக் கொட்டகை. கதவைச் சாத்தியதுமே அது ஃபிரிசியஸின் இருட்டறை ஆகிவிடுகிறது. 1980 பிப்ரவரி 16 பிற்பகல் கிரகணத்தின்போது என் சின்ன அத்தைக்கு ஏழு மாசம். "தரை பூரா தேங்காக் கீத்தாட்டம் கெடந்துச்சுடா. மொதல்ல பயந்துட்டேன். அப்புறம் முந்தானைய விரிச்சு அதுல புடிச்சுப் பாத்தேன்" என்றார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். சொல்லியிருந்தால் 'கிரகணம் பட்டுருச்சு' என்று பிரசவம்வரை பிடுங்கி எடுத்திருப்பார்கள்.

கிரகண நேரத்தில் வீதியில் பந்தி வைத்துச் சாப்பிட்ட தோழர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நமது பகுத்தறிவுச் சொல்லாடல் உள்ளே இருந்தவளை வெளியே வராதவளாக மட்டுமே பார்த்தது. அங்கே என்ன தெரிந்தது என்று அவளைக் கேட்கவில்லை.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தின்போது கோவையிலிருந்து புதுக்கோட்டை வரை மரத்தடிகளில் மோதிர மோதிரமாய் வெயில் விழுந்தது. கான்கிரீட் தளத்தில் இடுக்கு கிடையாது. உள்ளே இருந்தவர்கள் டிவியில் பார்த்தார்கள். 2031 மே 21இல் மதுரைப் பக்கம் அடுத்த வளையம். 1980இல் ஓட்டு வீட்டுக்குள் கிடந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் வயதாகிறது. கேட்டு எழுதுவதென்றால் இப்போதே எழுத வேண்டும்.