பன்றிச் சுரப்பியிலிருந்து மயிலம் மெடிக்கல் வரை

மயிலம் மலையடிவாரத்து மெடிக்கலில் ‘தைராய்டு மாத்திரை’ என்றால் போதும். எத்தனை மைக்ரோகிராம் என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைப்பார்கள். உள்ளே இருப்பது தைராக்சின். அது வந்த வழியில் ஒரு வளைவு, ஆள் மரம்போல் விறைத்துப்போகும் நோய் ஒன்றைத் தொட்டுச் செல்கிறது.

1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பிறகு ஏறக்குறைய மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குத் தேறியது வெறும் 33 கிராம். 1927-ல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். ஆனாலும் மருந்தாக விற்ற உலர்ந்த சுரப்பித் தூளின் வியாபாரம் உடனே படுத்துவிடவில்லை.

அடுத்து நார்வே; விறைப்பு நோயைத் தொடும் வளைவு இங்கேதான். ஆஸ்லோவுக்கு அருகே டிகெமார்க் மனநல மருத்துவமனையில் ரோல்ஃப் யெஸ்ஸிங் என்ற மருத்துவர் இருந்தார். பேச்சற்று, அசைவற்று, தூக்கிவிட்ட கை தூக்கியபடியே நிற்கும் நிலைக்கு 1874-லேயே ஜெர்மன் மருத்துவர் கால்பாம் ‘கேட்டடோனியா’ என்று பெயர் வைத்திருந்தார். சிலருக்கு அது வரும், தெளியும், கெடு வைத்ததுபோல் மறுபடி வரும். யெஸ்ஸிங் பிடித்துக்கொண்டது இவர்களைத்தான். தின்ற சோறு, கழித்த சிறுநீர், நாடி, உடல்சூடு என எல்லாவற்றையும் நாள்தோறும், மாதக்கணக்கில் அளந்தார். மருந்தைவிட இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உடலில் நைட்ரஜன் தேங்குவதும் வெளியேறுவதும் நோயின் சுழற்சியோடு சேர்ந்தே ஏறி இறங்கின. தைராக்சின் கொடுத்தார், தொடர்ந்து கொடுத்தவரை பலருக்கு விறைப்பு திரும்பவில்லை. இதை 1938-ல் ஆங்கிலத்திலும் எழுதினார். ஆனால் அப்படிக் கச்சிதமாகச் சுழலும் நோயாளிகள் மிக அரிது.

1980-களுக்குப் பிறகு கேட்டடோனியா சிகிச்சையில் முதலிடம் லோராசெபாம் என்ற மருந்துக்குப் போனது; அது கேட்காதபோது மின்அதிர்வு சிகிச்சை. நம் பக்கத்தில் இன்றும் ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போய்விட்டு, அப்புறம்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ வருகிற குடும்பங்கள் உண்டு. அங்கே ரத்தத்தில் தைராய்டும் பார்ப்பது வழக்கம். சுரப்பு குறைந்தாலும் மிகுந்தாலும் கேட்டடோனியா வரலாம்; மாதவிலக்கை ஒட்டித் திரும்பத் திரும்ப வந்தவர்களும், பிரசவத்துக்குப் பின் விறைத்தவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்ததுதான் காரணம் என்று தெரிந்தால்தான் பொதுவாக இந்தத் தைராக்சின் மாத்திரைக்கு அங்கே வேலை. தானாக வாங்கிப் போட்டால் நெஞ்சு படபடக்கலாம்.

கடையில் இதை வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணத் தைராய்டு குறைவுக்காரர்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அப்புறம்.