பன்றித் தீவனத்தில் புழு மருந்து: வேலை செய்யுதா இல்லையா? கண்டுபிடிப்பது எப்படி?

பன்றி நல்லா தின்னுது, ஆனா எடை மட்டும் ஏறல. இப்படி இருந்தா முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவைத்தான். தீவனத்தில் மருந்து கலந்தாச்சு, முடிஞ்சுதுன்னு விட்டுடக் கூடாது. மருந்து புழுவைக் கொன்றதா என்றும் சோதிக்க வேண்டும்.

எந்தப் புழு?

பன்றிகளில் பரவலாகக் காணப்படுவது அஸ்காரிஸ் சூம் என்ற உருண்டைப்புழு. 20 முதல் 40 செ.மீ. வரை வளரும். ஒரு பெண் புழு தினமும் லட்சக்கணக்கில் முட்டையிடும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். குட்டிப்புழுக்கள் கடந்து போகும் கல்லீரலில் வெள்ளைத் தழும்புகள் விழும், அந்த ஈரல் வீண்தான். இந்தப் புழு மனிதர்களுக்கும் தொற்றலாம்.

தீவனத்தில் என்ன சிக்கல்?

பென்பெண்டசோல் மருந்தின் ஒரு வழக்கமான அளவு: கிலோ உடல் எடைக்கு 9 மி.கி., 3 நாட்களுக்குப் பிரித்து. 50 கிலோ பன்றிக்கு தினமும் 150 மி.கி. போக வேண்டும். ஆனா பலசாலி பன்றி முந்திக்கும், நோஞ்சான் பாதிதான் தின்னும். ஹோட்டல் மிச்சத்தில் கலந்தா மருந்து சீராகப் பரவாது. அரைகுறை டோஸில் தப்பிக்கும் புழுக்களால் மருந்துக்கே எதிர்ப்புச் சக்தி வளரும்.

சோதிப்பது எப்படி?

* மருந்துக்கு முன் சாணத்தில் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என எண்ண வேண்டும்.
* 10 முதல் 14 நாள் கழித்து அதே பன்றிகளில் மீண்டும் எண்ண வேண்டும்.
* மருந்து தராத சில பன்றிகளையும் ஒப்பிட வேண்டும்.

உதாரணமாக, 1000 முட்டை 50 ஆகக் குறைந்தால் பலன் 95 சதவீதம். 400-லேயே நின்றால் டோஸ், கலவை, மருந்து மூன்றையும் சந்தேகப்படணும்.

ஒரு எச்சரிக்கை: புழு முட்டையிடத் தொடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதனால் சாணத்தில் முட்டை இல்லை என்றால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை.

யாரைக் கேட்பது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியினர் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரை அணுகலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரத்தில் இருக்கிறது. பன்றி ஆராய்ச்சி நடக்கும் அதன் காட்டுப்பாக்கம் நிலையம் பூந்தமல்லி பக்கம் இல்லீங்க, பொத்தேரி பக்கம்!

மருந்து கொடுத்த பிறகு இறைச்சிக்கு அனுப்ப எத்தனை நாள் காத்திருக்கணும் என்பதையும் டாக்டரிடம் மறக்காம கேளுங்க.